பிரபுவும் சேர்மனும் உன் மாமாவும்

மகனே, நீ எழுதித் தந்த புத்தகத் தாள்கட்டை நேற்றோடு வாசித்து முடித்துவிட்டேன். "அம்மா, முதல் பக்கத்தை மட்டும் வாசியுங்கோ, காணும். மிச்சம் உங்களுக்கு அலுப்படிக்கும்" என்று சொல்லித்தான் தந்தாய். எனக்கு ஒரு அலுப்பும் அடிக்கவில்லை. ஆறு கிழமையாக வீட்டடியில் அம்மருட் நிலையத்தில் ரயிலேறி, வேலையிடம் வரைக்கும் மடியில் வைத்து வாசித்தேன். விளங்காத நொர்வேஜியச் சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டுவைத்து, சாப்பாட்டு நேரத்தில் என்னோடு வேலை செய்கிற பிள்ளைகளிடம் கேட்டேன். பஸ் கழுவும் கூட்டத்தை இத்தனை வருடம் மேய்த்தவளுக்கு முந்நூறு பக்கம் ஒரு சுமையில்லை. வருகிற வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது என்றாய். அதற்கு முன்னால் அந்த முதல் பக்கத்தை நீ மாற்ற வேண்டும். ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தொலைபேசியில் என்றால் நீ இடையில் குறுக்கிடுவாய், நான் கத்துவேன், இரண்டு பேரும் வைத்துவிடுவோம். வாசித்த பிறகு நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. உன் அப்பா கண்ணை மூடி மூன்று வருடமாகிவிட்டது. இனி இதை மறைத்து வைக்க எனக்கு ஆளில்லை.

முதலில் உன் பிரபுவைப் பற்றிக் கதைப்போம். நீ நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தின வடக்கு ஜெர்மனியில் ஏரிக்கரையோரம் பெரிய மாளிகை, கண்ணுக்கெட்டிய தூரம் கம்பு வயல், செம்மறிகள், சாராயம் வடிக்கிற கொட்டில். பல்கலைக்கழகத்தில் வாள்சண்டை போட்டுக் கன்னத்தில் வாங்கிய தழும்பு. தகப்பன் செத்ததும் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து இருபத்திரண்டு வயதில் பொறுப்பெடுத்தார். பிறகு மாகாண சபை, அதற்குப் பிறகு பேர்லினில் பாராளுமன்றம். ஒவ்வொரு நாளும் நாட்குறிப்பு எழுதினார். மழை பெய்ததா, எத்தனை கவுதாரி சுட்டார், எந்தக் குதிரைக்குக் காலில் நோவு. அறுவடை முடிந்தால் முற்றத்தில் பீர்ப் பீப்பாய்களை உருட்டிவிட்டு, குடிகளோடு சேர்ந்து தானும் ஒரு சுற்று ஆடினார். அதற்கு மட்டும் நீ பதினொரு பக்கம் கொடுத்திருக்கிறாய். குடிகளின் வழக்கை அவரவர் பிரபுவே விசாரிக்கிற முறையை நிறுத்த வேண்டும் என்று சபையில் பேச்சு வந்தபோது எழுந்து நின்று, என் சனங்களை எனக்குப் பெயர் பெயராகத் தெரியும், பட்டணத்து நீதவானுக்கு என்ன தெரியும் என்று கேட்டார். நீ அந்தப் பேச்சை முழுதாகப் போட்டு, கீழே "தந்தையின் குரல்" என்று எழுதியிருக்கிறாய். நான் அந்த இடத்தில் தாள்கட்டை மூடிவிட்டு இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

பிறகு உன் அடிக்குறிப்புக்கு வந்தேன். பொடி எழுத்தில் நாலு வரி. பால் கறக்கிற பெட்டை ஒருத்தியும் மந்தை மேய்க்கிறவன் ஒருத்தனும் கலியாணம் செய்யக் கேட்டார்கள். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்தில் பிரபு குடியிருக்க இடம் தந்தால்தான் குடிகள் கலியாணம் செய்யலாம் என்று எழுதியிருக்கிறாய். ஏழு தடவை கேட்டார்கள், ஏழு தடவையும் அவர் இல்லை என்றார். இதற்குள் அவர்களுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்துவிட்டன. கலியாணம் செய்யாமல் பிள்ளை பெற்ற குற்றத்துக்கு அதே பிரபு தன் வீட்டு மண்டபத்தில் நீதவானாக இருந்து அவர்களுக்குத் தண்டம் போட்டார். கடைசியில் இரண்டு பேரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார்கள். எட மோனே, இதுவல்லவா புத்தகம்? பீருக்குப் பதினொரு பக்கம், இதற்கு நாலு வரி. ஒருவன் என்ன கொடுத்தான் என்பதை அவன் வீட்டுப் புத்தகங்களில் வாசிக்கலாம். எதைக் கொடுக்க மாட்டேன் என்றான் என்பதைக் கேட்டுப் போனவர்களிடம்தான் விசாரிக்க வேண்டும்.

இனி முதல் பக்கம். நீ எழுதியிருக்கிறாய்: "என் அம்மப்பாவும் ஒரு நிலக்காரர், ஊர்த் தலைவர். தன் குடிகளைத் தகப்பனைப்போல் நடத்தியவர். ஆகவே இந்த மனிதரை என்னால் உள்ளிருந்து விளங்கிக்கொள்ள முடிகிறது." இதை வாசித்துவிட்டு நான் சமையலறையில் நின்று சிரித்தேன். நம் வீட்டு வரவேற்பறையில் சந்தனப்பொட்டோடு தொங்குகிறாரே, வெள்ளைச் சால்வையும் தங்கப் பொத்தானுமாக, எங்கள் ஊர்க் கிராமச் சங்கத்துத் தலைவர், அந்தச் சேர்மன், உன் அம்மப்பா இல்லை. உன் அம்மப்பா அந்தச் சேர்மனின் வளவில் குடியிருந்தவர். அவருடைய தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர், அவருடைய பனையில் ஏறினவர், அவரை நயினார் என்று கூப்பிட்டவர். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் எதிரே வந்தால் என் அப்பா தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு வேலியோடு ஒதுங்கி நிற்பார். நான் அப்பாவுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பேன்.

என் பெரியக்காவுக்குக் கலியாணம் பேசி முடிந்தபோது அப்பா வெற்றிலை பாக்கோடு சேர்மன் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். சேர்மன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார், நாங்கள் முற்றத்தில் நின்றோம். "நயினார், மாப்பிளை பகுதியார் மேளத்தோடை வரப்போகினமாம்" என்று அப்பா மெல்லச் சொன்னார். சேர்மன் கோபிக்கவில்லை. அவர் ஒருநாளும் சத்தம்போட்டுக் கதைக்கிறவர் இல்லை. "கலியாணத்தைச் செய், ஆர் வேண்டாமெண்டது? ஆனால் மேளச் சத்தம் இந்த ஒழுங்கையிலை கேக்கப்படாது" என்றார். உள்ளே திரும்பி, ஒரு மூட்டை அரிசியும் ஒரு சேலையும் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். அந்த அரிசியைப் பற்றி ஊர் முழுக்கக் கதைத்தது. எங்கள் தகவல் மாப்பிள்ளை பகுதிக்குப் போய்ச்சேரவில்லை, அவர்கள் மேளத்தோடு வந்துவிட்டார்கள். ஒழுங்கை முகப்பில் ஆட்கள் மறித்து, தவிலின் இரண்டு பக்கத்தையும் கத்தியால் கிழித்தார்கள். தவில்காரர் தெருவில் குந்தியிருந்து அழுதார். மூன்றாம் நாள் கிராமச் சங்கத்தில் விசாரணை. முறைப்பாடு கொடுத்தவர் சேர்மன், விசாரித்தவரும் சேர்மன். அந்த ஒழுங்கையை அப்பா ஒரு மாதம் விடியற்காலையில் கூட்ட வேண்டும் என்பது தீர்ப்பு. அப்பா கூட்டினார், நான் ஓலைக் கடகத்தில் குப்பை அள்ளினேன். இப்போது விளங்குகிறதா உன் பிரபுவின் மண்டபத்துக்குள் நான் ஏன் அவ்வளவு கெதியாக நுழைந்தேன் என்று? எனக்கு அந்த வீடு புதிதில்லை.

பிறகு எப்படி நான் சேர்மனின் மகள் ஆனேன் என்று கேட்பாய். நான் படிக்கவென்று தனியே ஒஸ்லோவுக்கு வந்து இறங்கிய முதல் குளிர்காலம் அது. தமிழர் கொஞ்சப் பேர்தான். எங்கள் ஊரார் ஒருவரும் இல்லை. யாரைச் சந்தித்தாலும் தேத்தண்ணீர் ஆறுமுன்னே அந்தக் கேள்வி வந்துவிடும். "எந்த ஊர்? ஊரிலை எந்தப் பக்கம்? ஆரின்ரை மகள்?" மூன்றாவது கேள்விக்குப் பதில் சொன்னதும் நீ கதிரையில் இருக்கலாமா, கோப்பையை யார் கழுவுவது என்பதெல்லாம் முடிவாகிவிடும். இவ்வளவு தூரம் பனிக்குள் வந்தும் விடுகிறார்களில்லையே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. "சேர்மன்ரை மகள்" என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்தது அவர்தான். அந்த வினாடி எனக்குக் கிடைத்த சந்தோசத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. அவருடைய வீடு, வயல், பெயர் எல்லாவற்றையும் ஒரு சொல்லில் பறித்து எடுத்துக்கொண்டேன். கேட்டவரின் நண்பர்தான் உன் அப்பா. நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று நம்பித்தான் என்னைக் கட்டினார். அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. நல்ல மனிதர், சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாரோ என்னவோ. அதைச் சோதித்துப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. நான் செய்த பிழைகளில் எனக்கு உண்மையாக நோகிறது இது ஒன்றுதான்.

நீ பிறப்பதற்கு முந்தின வருடம் பஸ் டிப்போவில் என்னிடம் வேலை கேட்டு ஒருவர் வந்தார். மெல்லிய சப்பாத்து, காதெல்லாம் சிவந்து கிடந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சேர்மனின் ஒரே மகன். நாங்கள் சின்ன நயினார் என்று கூப்பிட்டவர். அவரும் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"நீ வேலன்ரை பெட்டை எல்லே?"

"ஓம். இருங்கோ."

இருக்கவில்லை. நின்றுகொண்டே சுற்றிப் பார்த்தார், வேறு பொறுப்பாளர் யாரும் இருக்கிறார்களா என்று. "நான்தான் பொறுப்பு. வேலை இருக்கு, நாளைக்கே தொடங்கலாம். ஆனால் ஒண்டு. இந்த ஊரிலை நான் உங்கடை அப்பாவின்ரை மகள். எல்லாரும் அப்பிடித்தான் நம்பிக்கொண்டிருக்கினம்" என்றேன்.

"எனக்குத் தங்கச்சி ஒருத்தியும் இல்லையே."

"இண்டையிலையிருந்து இருக்கு."

அவர் ஓம் என்றதற்கு வேலை மட்டும் காரணமில்லை. வேலனின் மகளுக்குக் கீழே பஸ் கழுவுகிறார் என்று ஊருக்குத் தெரிவதைவிட, தங்கச்சிக்கு உதவியாக நிற்கிறார் என்பது அவருக்கும் வசதியாக இருந்தது. அவர்தான் லில்லெஸ்ட்ரோமில் இருக்கிற உன் மாமா.

முதல் ஞாயிற்றுக்கிழமையே அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். வேண்டுமென்றுதான் கூப்பிட்டேன். அவருடைய வீட்டில் எங்களுக்குச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றுவார்கள். என் மேசையில் என் சாப்பாட்டுக் கோப்பையில் என் கையால் சோறு போட்டேன். உன் அப்பா பக்கத்தில் இருந்து "வடிவாச் சாப்பிடுங்கோ மச்சான்" என்று உபசரிக்கிறார், இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறார், வாய்க்குப் போகவில்லை. "இன்னும் கொஞ்சம் போடட்டோ அண்ணை?" என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் போட்டேன். அவர் விழுங்கி முடிக்கும்வரை நான் எழும்பவில்லை. அன்றைக்கு எனக்குச் சாப்பிடாமலே வயிறு நிறைந்தது. டிப்போவில் அவருக்கு எப்போதும் பின் வரிசைப் பஸ்களைத்தான் கொடுத்தேன், குடித்தவர்கள் சத்தி எடுத்து வைத்திருக்கிற பஸ்கள். லீவு கேட்டால் எழுதித் தாருங்கோ என்பேன். எழுதித் தந்தால் இரண்டு நாள் வைத்திருந்துதான் பதில் சொல்வேன். உனக்கு முடி எடுத்தபோது தாய்மாமன் என்று அவர் மடியில்தான் உன்னை இருத்தினேன். வேலனின் பேரனை மடியில் வைத்துக்கொண்டு அவர் படத்துக்கு இருந்தார். அந்தப் படத்தை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேன் என்று உனக்குத் தெரியாது.

ஆனால் இந்த வேலையில் நான் எனக்கே வெட்டிய குழியும் ஒன்று உண்டு. உனக்கு ஆறு வயதில் என் அப்பா ஊரில் செத்துப்போனார். பெரியக்காவின் கடிதம் டிப்போ முகவரிக்குத்தான் வரும். வாசித்துவிட்டு மடித்து வைத்துவிட்டு பஸ்ஸுக்குள் ஏறிக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பின்னேரம் உன் அப்பா கேட்டார், "ஏன் கண் சிவந்திருக்கு?" சவர்க்காரத் தண்ணீர் பட்டுவிட்டது என்றேன். அப்பா செத்த மகள் அன்றைக்கு மீன் குழம்பு வைத்தாள். ஏனென்றால் என் அப்பா இன்னும் உயிரோடு, வெள்ளைச் சால்வையோடு, சேர்மனாக இருந்தாரே. இரண்டு வருடம் கழித்து அந்தச் சேர்மன் செத்தார். துக்கம் விசாரிக்க ஒஸ்லோத் தமிழர் எல்லாம் அம்மருட்டுக்கு வந்தார்கள். எங்கள் மாடிக்கு மின்தூக்கி ஓயாமல் ஏறி இறங்கியது. எட்டாம் நாள் எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எல்லாம் எங்கள் வீட்டில்தான். மாமா படத்தைக் கொண்டுவந்து மாட்டினார். நீ எட்டு வயதில் குளித்து வேட்டி கட்டிக்கொண்டு அந்தப் படத்துக்குக் கற்பூரம் கொளுத்தினாய். தர்மவான், தர்மவான் என்று வந்தவர்கள் சொன்னார்கள். நான் நிலத்தில் விழுந்து அழுதேன். இரண்டு வருடமாக அடைத்துவைத்த அழுகை முழுவதையும் என் அப்பாவுக்காக அழுது தீர்த்தேன். எல்லாரும் சேர்மனுக்கு என்று நினைத்தார்கள். உன் மாமா மட்டும் யாருக்கு என்று தெரிந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் இரக்கம் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அவர் தன் முறையை எடுத்தார். நான்தான் கவனிக்கவில்லை. ஞாயிறு தோறும் ரயிலேற்றி உன்னை அவரிடம் அனுப்பினேன். தனிக்கட்டை, சும்மா கிடைத்த பிள்ளை பார்க்கிற ஆள், இன்னும் கொஞ்சம் வேலை வாங்குவோம் என்று நினைத்தேன். அவர் உன்னை மடியில் வைத்துச் சேர்மன் கதை சொன்னார். சேர்மன் வெட்டிய கிணறு, சேர்மன் கொடுத்த அரிசி, சேர்மன் தீர்த்த வழக்குகள். நீ பெரிய பள்ளிக்கூடம் போய், எத்தனையோ பாடம் இருக்க ஏரிக்கரைப் பிரபு ஒருவரைத் தேடிப் பிடித்தாயே, அந்த ஆசையை உன்னில் ஊற்றியவர் அவர்தான். நான் அவருடைய அப்பாவை எடுத்துக்கொண்டேன், அவர் என் மகனைத் தன் அப்பாவுக்குப் பேரனாக்கிவிட்டார். யார் வென்றது என்று அந்த முதல் பக்கத்தை வாசித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. இதை நான் விடப்போவதில்லை, மகனே. அச்சில் ஏறினால் பிறகு அழிக்க முடியாது. என் அப்பாவைக் குப்பை கூட்ட வைத்தவரை, என் பிள்ளை, நொர்வே முழுக்க வாசிக்கிற எழுத்தில் அம்மப்பா என்று எழுதி நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

நான் உனக்குச் சொல்கிற புத்தி இவ்வளவுதான். மன்னித்துவிடு என்று உனக்குச் சொல்லித்தர எனக்குத் தெரியாது, எனக்கே அது வராது. பழி வாங்கு. ஆனால் என்னைப்போல் பொய்யைக் கொண்டு வாங்காதே, அது பாதியில் திரும்பி உன் வீட்டுக்குள்ளேயே வந்து குந்திக்கொள்ளும். உன்னிடம் தாள்கள் இருக்கின்றன. அந்தப் பெட்டையும் மந்தைக்காரனும் கேட்ட ஏழு விண்ணப்பங்களையும் நீ கையில் தொட்டுப் பார்த்திருக்கிறாய். அடிக்குறிப்பிலிருந்து அவர்களை மேலே தூக்கு. பீர்ப் பீப்பாய்களைக் கீழே போடு, நாலு வரி போதும். முதல் பக்கத்தில் உன் அம்மப்பாவின் பெயரை எழுது. பிறப்புப் பதிவில் வேலன் என்றுதான் இருக்கும். எங்கள் ஆட்களுக்கு நீட்டுப் பெயர் எதற்கு என்று பதிகிறவர் குறைத்துவிட்டார். பெற்ற தாய் வைத்த பெயர் வேலாயுதம். முழுதாக எழுது. சேர்மனின் வளவில் குடியிருந்தவர், மகளின் கலியாணத்துக்கு மேளம் கேட்டவர், அதற்காக ஒரு மாதம் தெருக் கூட்டியவர் என்று எழுது. சேர்மனின் படத்தை நேற்றுக் கழற்றிவிட்டேன். சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம் தெரிகிறது, அப்படியே கிடக்கட்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. முதலே சொல்லியிருந்தால் இதுவரை வாசித்திருக்க மாட்டாய், அவருக்குத் தொலைபேசி எடுத்திருப்பாய். அக்காவின் கலியாணத்தன்று ஒழுங்கை முகப்பில் கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் உன் மாமா. அப்போது பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். நான் பத்தடி தூரத்தில் பூத்தட்டோடு நின்றேன். ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு, தவிலைத் திருப்பிப் போட்டு, மற்றப் பக்கத்தையும் அவசரமில்லாமல் ஆறுதலாகக் கிழித்தார். இத்தனை வருடம் என் மேசையில் சாப்பிட்டிருக்கிறார், ஒருநாளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் மன்னிப்புக் கேட்டுவிடுவாரோ என்ற பயம்தான், எனக்கு அது தேவைப்படவில்லை. இப்போது வயதாகிவிட்டது, நெஞ்சுவருத்தமும் இருக்கிறது. உலகத்தில் அவருக்கென்று இருக்கிற ஒரே ஆள் நீ. அதனால் கேட்க வேண்டியவனும் நீதான்.

அச்சுக்குப் போக முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. வழக்கம்போல் லில்லெஸ்ட்ரோம் போ. இறைச்சிக்கறி வைத்திருப்பார், சாப்பிடு. கை கழுவி வந்து முன்னால் இருந்துகொண்டு, "மாமா, தவிலைக் கிழிச்சது ஆர்?" என்று கேள். அம்மாதான் கேட்கச் சொன்னா என்றும் சொல். கதையை மாற்றுவார், தேத்தண்ணீர் போட எழும்புவார், விடாதே. அவர் தன் வாயால் சொல்லி முடிக்கும்வரை நீ எழும்பாதே. அதற்குப் பிறகு அவரை மாமா என்று கூப்பிடுகிறாயோ விடுகிறாயோ, அது உன் விருப்பம், நான் தலையிட மாட்டேன். அங்கிருந்து நேரே அம்மருட்டுக்கு வா. அவருடைய முகம் எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்.